மைனா வைத்தியம்

சலவை ஆலையில் தேநீர் இயந்திரத்துக்கு மேலே அறிவிப்பு ஒட்டியிருந்தாலே அது கெட்ட சேதிதான். நல்ல சேதி என்றால் மேலாளரே இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டு நேரில் வந்து சொல்லுவார். கெட்ட சேதியைச் சொல்லும் வேலையைப் பசையிடம் ஒப்படைத்துவிடுவார்.

அன்று காலை பசை இன்னும் காயவில்லை. மைனா அதை ஒரு முறை படித்தாள். நம்பாமல் மறுபடி படித்தாள். அதற்குள் தேநீர் கோப்பையில் நிரம்பி வழிந்து அவள் கட்டைவிரலைச் சுட்டது.

"என்னடி எழுதியிருக்கு? என் கண்ணாடி உள்ள இருக்கு," என்றபடி பின்னால் வந்து நின்றாள் நெட்டை. ஆறு வருடங்களாக மைனாவோடு ஒரே ரோலரில் வேலை பார்ப்பவள். ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, ஓர் உதறு உதறி, சூடான உருளைக்குள் விட வேண்டும். இருவரும் ஒரே கணத்தில் கையை விடாவிட்டால் விரிப்பு கோணிக்கொண்டு போய்க் கசங்கும். மைனா குள்ளம், நெட்டை நெட்டை. ஆனால் அவர்கள் விட்ட விரிப்பு ஒரு நாளும் கோணியதில்லை.

"நம்ம மருத்துவக் காப்பீட்டுக்குக் கட்டற பணம் நூத்துக்கு முப்பத்தொண்ணு ஏறுதாம்," என்றாள் மைனா. "அதனால அடுத்த மாசம் புது ஒப்பந்தம் வரும்போது பெத்தவங்களை எல்லாம் திட்டத்திலேர்ந்து எடுத்துடுவாங்களாம்."

"எடுத்துட்டா?"

"எடுத்துட்டா எங்க அத்தையோட முட்டி அம்போன்னு நிக்கும்."

அத்தை என்றால் அவள் மாமியார். இரண்டு முழங்காலும் தேய்ந்து, மூன்றாம் மாடி வீட்டுக்கு ஏறி வருவதற்குள் ஒவ்வொரு மாடியிலும் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் வருவார். அதனால் அந்தக் கட்டடத்தில் யார் வீட்டில் என்ன சண்டை என்பது அவருக்கு அத்துப்படி. வலது முட்டியை மாற்ற இன்னும் ஒன்பது வாரத்தில் நாள் குறித்திருந்தது. புது ஒப்பந்தம் வர நான்கு வாரம்தான் இருந்தது.

"நீதான் பேச்சுவார்த்தைக் குழுவுல இருக்கியே," என்றாள் நெட்டை. "அந்த மைனா வைத்தியம் மாதிரி இதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சுட மாட்டியா?"

இதைக் கேட்டதும் மைனாவுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. ஓயாத வாய்க்காகத்தான் மைனா. ஆனால் அந்த வாயை ஆலையே கொண்டாடியது ஒரு காரியத்துக்காக. ஆறு வருடங்களுக்கு முன் வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தாள். காப்பீட்டில் ஒரு காசு கிடைக்கவில்லை. கட்டணம் கட்டும் ஜன்னலில் இருந்தவர்தான் இரகசியம் போலச் சொன்னார்: "ஒரு ராத்திரி இங்க படுத்திருந்தீங்கன்னா முழுசும் கிடைச்சிருக்கும்மா. சும்மா வந்துட்டுப் போறவங்களுக்குக் கிடையாது."

மைனா அதை ஊரெல்லாம் பரப்பினாள். "ரத்தப் பரிசோதனையா? ஸ்கேனா? கெட்டிக்காரத்தனமா ஒரு ராத்திரி படுத்துட்டு வாங்க." அன்றிலிருந்து ஆலையில் யாருக்குக் கழுத்துப் பிடித்தாலும், யார் அப்பாவுக்கு ஏப்பம் வந்தாலும், ஒரு பையில் மாற்றுத் துணியும் பல் துலக்கியும் எடுத்துக்கொண்டு போய் ஒரு ராத்திரி படுத்துவிட்டு வந்தார்கள். அதற்குத்தான் மைனா வைத்தியம் என்று பெயர்.

"கண்டுபிடிச்சுடலாம்," என்றாள் மைனா, சுட்ட விரலை ஊதிக்கொண்டே.

*

மைனாவுக்கு வாய்த்த கணவனை ஆலையில் பூட்டு என்பார்கள். அலுவலகத்தின் நலப்பிரிவில் எழுத்தர். காப்பீட்டுக் கோப்புகளெல்லாம் அவன் மேசையில்தான். வாயைத் திறந்து அவன் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசிக் கேட்டவர்கள் குறைவு. ஆனால் எட்டு வருடங்களுக்கு முன், குடும்ப விவரப் படிவத்தைக் கொடுக்க வந்த மைனாவிடம் அவன் அதைத் திருப்பிக் காட்டி, "இங்க ஒரு கட்டம் காலியா இருக்கே," என்று கேட்டானாம். துணைவர் பெயர் எழுத வேண்டிய கட்டம் அது. "நிரப்பறதுக்கு ஆள் இல்லீங்க," என்றாளாம் இவள். அவன் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நான் வேணா இருக்கேன்," என்றானாம். அவன் பேசிய முதல் காதல் வசனம் அது. கடைசியும் அதுதான் என்பது மைனாவின் தீராத குறை.

கல்யாணமான மறுவாரமே இருவரும் ஒரு விதி போட்டுக்கொண்டார்கள். அவள் சங்கம், அவன் அலுவலகம். ஆலைப் பேச்சு வாசல் மிதியடியோடு சரி; அதைத் தாண்டி வீட்டுக்குள் வரக்கூடாது. எட்டு வருடமாக அந்த விதி மீறப்படவில்லை. அறிவிப்பு ஒட்டிய அன்று மாலை வரை அது அவளுக்குப் பாரமாகவும் இருந்ததில்லை.

"என்னங்க, உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?" என்றாள், மிதியடியின் மேலேயே நின்றுகொண்டு.

"தெரியும்."

"உங்க அம்மா முட்டிங்க அது!"

"தெரியும்."

"அப்ப எதுக்கு இப்படி ஏறுச்சுன்னாவது சொல்லுங்களேன்."

அவன் செருப்பைக் கழற்றி, வரிசையாக வைத்து, மிதியடியைத் தாண்டி உள்ளே போய்விட்டான். மைனாவுக்கு வந்த ஆத்திரத்தில் தன் செருப்பில் ஒன்றை எகிறவிட்டாள். அது இரண்டாம் மாடி வரை உருண்டு போயிற்று.

கீழே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அத்தையின் குரல் கேட்டது: "கண்ணு, உன் செருப்பு வந்துடுச்சு. நீ எப்ப வர்ற?"

*

முதல் பேச்சுவார்த்தை மூன்று நாள் கழித்து நடந்தது. நீள மேசையின் ஒரு பக்கம் மேலாளரும், காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாவும். அந்த அம்மா முன்னால் கூர் சீவிய நான்கு பென்சில்கள் வரிசையாக இருந்தன. எதிர்ப் பக்கம் மைனாவும் பாய்லர் அண்ணனும். கொதிகலன் பக்கத்திலேயே முப்பது வருடம் நின்று சிவந்து போன முகத்தோடு இருக்கும் பாய்லர் அண்ணன்தான் சங்கச் செயலாளர். ஒன்பது வருடங்களுக்கு முன் பன்னிரண்டு நாள் வேலைநிறுத்தம் நடத்தி இந்தக் காப்பீட்டை வாங்கிக் கொடுத்தவர். மேசையின் கோடியில் கோப்போடு பூட்டு.

"பானையில இருந்தாத்தானே அகப்பையில வரும்?" என்றார் காப்பீட்டு அம்மா. "நீங்க கட்டினதை விட எடுத்தது அதிகம். அதான் ஏறுது. பெத்தவங்களை விட்டுட்டா முப்பத்தொண்ணு பத்தா குறையும்."

"பசிச்சவனை எழுப்பி அனுப்பிட்டுப் பந்தி போடற கதையா இருக்குங்களே," என்றார் பாய்லர் அண்ணன். "நோவு வர்றதே அவங்களுக்குத்தான்."

"நாங்க என்ன பண்றது? விலைவாசி," என்று மேலாளர் கைகளை விரித்தார்.

"எந்தச் செலவுல ஏறுச்சு? அந்த விவரத்தைக் குடுங்க, பார்க்கிறோம்," என்றாள் மைனா.

பூட்டு கோப்பின் மேல் கை வைத்தான். வாயைக் கூடத் திறந்தான். ஆனால் மேலாளர் முந்திக்கொண்டார். "அதெல்லாம் கம்பெனி ஆவணம். வெளியே தர முடியாது." பூட்டு வாயை மூடிக்கொண்டான்.

மைனா கணவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் விரிப்பு தேய்த்திருக்கலாம்.

அடுத்த பேச்சு பத்து நாள் கழித்து என்று முடிவாயிற்று. அதுதான் கடைசி என்றும் மேலாளர் சொல்லிவிட்டார்.

*

அந்தப் பத்து நாளில் ஐந்து நாள் வீணாகப் போயிற்று. மைனா ஆஸ்பத்திரிகளைத் திட்டினாள், மருந்துக் கடைகளைத் திட்டினாள், காப்பீட்டு அம்மாவின் பென்சில்களைக் கூட விடவில்லை. அடுத்த சண்டைக்கு வார்த்தைகள் சேர்ந்தன. ஆனால் கேட்பதற்கு ஒரு கேள்வி கூடச் சேரவில்லை.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மூவரும் ரொட்டியும் முட்டையுமாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தைக்கு விஷயம் முழுதும் தெரியும். மாடிப்படியில் உட்காருகிறவருக்குத் தெரியாமல் எது இருக்கும்? ஆனால் முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை அவர் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. "ஆனா ஆச்சு, இல்லன்னா இந்தக் காலோடயே இருந்துட்டுப் போறேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதைக் கேட்டதிலிருந்துதான் மைனாவுக்குத் தூக்கம் சரியில்லை.

அத்தை ரொட்டியைத் தேநீரில் நனைத்தபடி மெல்ல ஆரம்பித்தார்.

"கண்ணு, திட்டத்துல இன்னும் மூணு வாரம் இருக்கேன் இல்ல?"

"இருக்கீங்க அத்தை."

"அதுக்குள்ள ஒரே ஒரு ராத்திரி மட்டும் அந்த ஆஸ்பத்திரியில படுத்துட்டு வந்துடட்டுமா?"

மைனா பதறிப்போனாள். "ஏன் அத்தை, என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. நேத்து ரெண்டு தடவை இருமினேன்."

"ரெண்டு தடவை இருமினதுக்கா?"

"போன வருஷம் நெஞ்சு கரிக்குதுன்னு நீதானே கொண்டுபோய்ப் படுக்க வெச்ச? பொத்தானை அமுக்கினா கட்டிலே எழுந்து உட்காருது, கண்ணு! தலைமாட்டுல ஒண்ணு, கால்மாட்டுல ஒண்ணு. ஒரு பொண்ணு வந்து மணிக்கொரு தடவை 'எப்படி இருக்கீங்கம்மா'ன்னு கேக்குது. என் பையன் பொறந்ததிலேர்ந்து என்னை அப்படி ஒரு தடவை கேட்டிருக்கானா? எடுத்துடப் போறாங்க, அதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை..."

பூட்டு குடித்துக்கொண்டிருந்த தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. அவன் தட்டுத் தடுமாறி எழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு, பால்கனிக்குப் போய் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். அந்த முதுகு குலுங்கியது. குலுங்கிக்கொண்டே இருந்தது.

"இவனுக்கு என்னடி? இவனையும் ஒரு ராத்திரி படுக்க வெச்சுடலாமா?" என்றார் அத்தை.

எட்டு வருடத்தில் அந்த முதுகு அப்படிக் குலுங்கி மைனா பார்த்ததே இல்லை. சாதாரணமாக எந்த நகைச்சுவைக்கும் உதட்டோரம் ஒரு சுழிப்பு, அவ்வளவுதான் அவன் கணக்கு. இது வெகுநாளாக அடக்கி வைத்த சிரிப்பு. யாரிடமும் சொல்ல முடியாமல் தொண்டையில் நின்றுகொண்டிருந்த சிரிப்பு.

இருமலுக்கு ஒரு ராத்திரி. ஏப்பத்துக்கு ஒரு ராத்திரி. கழுத்துப் பிடிப்புக்கு ஒரு ராத்திரி.

மைனாவின் கையிலிருந்த ரொட்டி தேநீருக்குள் விழுந்தது.

*

மறுநாள் வேலைக்கு வந்ததும் ஒருவர் விடாமல் கேட்டாள். "போன வருஷம் ஆஸ்பத்திரி போனவங்க எல்லாம் நாளைக்கு ரசீதைக் கொண்டாங்க. ஏன் எதுக்குன்னு கேக்காதீங்க, கொண்டாங்க."

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் மடிப்பு மேசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஐம்பத்தெட்டு ரசீதுகளையும் அதன்மேல் பரப்பினார்கள். விரிப்புகளைத் தரம் பிரிக்கிற கை அல்லவா? பெரியது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம் என்று மைனாவும் நெட்டையும் மளமளவென்று பிரித்தார்கள். பிரசவம் ஓர் அடுக்கு. அறுவைச் சிகிச்சை ஓர் அடுக்கு. எலும்பு முறிவு ஓர் அடுக்கு. இந்த மூன்றையும் சேர்த்தாலும் ஓர் அங்குலம் வரவில்லை. நான்காவது அடுக்கு மட்டும் சரியத் தொடங்கி, நெட்டை அதன் மேல் தன் தேநீர்க் கோப்பையைப் பாரமாக வைக்க வேண்டி வந்தது. ஒரு ராத்திரி, ஒரு ராத்திரி, ஒரு ராத்திரி. நாற்பத்தொரு தாள்.

மைனா ஒன்றை எடுத்து வாசித்தாள். "ரத்தப் பரிசோதனைக்கு ஒரு பங்குன்னா, கட்டிலுக்கும் அறைக்கும் மட்டும் ஆறு பங்கு." இன்னொன்றை எடுத்தாள். அதிலும் அதே கதை.

"இதுல உன் வயித்து வலியும் இருக்கு," என்றாள் நெட்டையிடம்.

"ஏய், என் வயித்து வலி நிஜம்டி!"

"வலி நிஜம்தான். கட்டில்தான் பொய்."

பின்னால் பெரிய இயந்திரம் ஒன்று நீரை வடித்துவிட்டு ஓய்ந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுண்டு. மைனாவும் கெடும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அத்தையின் முட்டிக்கு வேட்டு வைத்தது மேலாளரும் இல்லை, பென்சில் அம்மாவும் இல்லை. அத்தையின் மருமகள்.

செய்தி கேட்டு ஓடி வந்த பாய்லர் அண்ணன் முகம் இன்னும் சிவந்துவிட்டது. "தங்கச்சி, இது வெளிய தெரியக் கூடாது. நாமளே போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும். 'உங்களாலதான் ஏறுச்சு, நீங்களே கட்டுங்க'ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க."

"அவங்ககிட்ட அத்தனை ரசீதும் இருக்குண்ணே. என்னிக்கா இருந்தாலும் யாராவது எண்ணிப் பார்க்காமலா இருப்பாங்க?"

"எண்ணட்டும். நம்ம வாயால வேண்டாம்."

"நம்ம வாயாலதானேண்ணே வந்துச்சு?" என்றாள் மைனா. "என் வாயால."

*

வியாழக்கிழமை சாப்பாட்டு அறையில் சங்கக் கூட்டம். முன்னூறு பேரில் இருநூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். நாற்காலி போதாமல் துணி வண்டிகளில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். மைனாவுக்கு ஒலிபெருக்கி தேவைப்பட்டதே இல்லை. அன்று அவள் குரல் முதல் வரிசையையே எட்டவில்லை.

"சத்தமாப் பேசு! மைனாவுக்கு என்ன ஆச்சு?" என்றார்கள் பின்னாலிருந்து.

"ஒரு ராத்திரி படுத்துட்டு வரச் சொல்லுங்க, சரியாயிடும்!" என்றார் ஒரு லாரி ஓட்டுநர். அறை முழுக்கச் சிரிப்பு.

அதுவே அவளுக்கு அடியெடுத்துக் கொடுத்தது. "அதைப் பத்தித்தான் பேச வந்தேன்," என்றாள், இப்போது தன் பழைய குரலில். "அந்த வைத்தியத்தை உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நான். கெட்டிக்காரத்தனம்னு நினைச்சுச் சொன்னேன். அந்தக் கட்டிலுக்கு வாடகை கட்டிக் கட்டித்தான் இன்னிக்கு நம்ம பெத்தவங்களை வெளிய தள்ள வந்துட்டாங்க. நாம எடுத்தது யாரோ ஒருத்தன் வீட்டுப் பானையில இருந்து இல்லைங்க. நம்ம பானை. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க. ஆனா திட்டிட்டு, நான் சொல்றதைக் கேளுங்க."

யாரும் திட்டவில்லை. பலர் தத்தம் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெட்டைதான் எழுந்து நின்றாள். அவள் எழுந்தால் அறையில் எங்கிருந்தாலும் தெரியும். "நீ சொன்ன. போய்ப் படுத்தது நாங்கதானே? சும்மா சொல்லக் கூடாது, கட்டில் நல்லாத்தான் இருந்துச்சு. சரி, இப்ப என்ன வழின்னு சொல்லு."

வழி இதுதான். ஸ்கேனுக்கும் பரிசோதனைக்கும் மருத்துவரைப் பார்ப்பதற்கும் படுக்காமலே காப்பீடு பணம் தர வேண்டும். படுக்க வேண்டுமா என்பதை மருத்துவர் மட்டும் சொல்ல வேண்டும். அதற்குப் பதில் மைனா வைத்தியத்துக்கு இன்றோடு முழுக்கு. கைகள் உயர்ந்தன. பாய்லர் அண்ணன் எண்ணி முடித்துவிட்டு, கடைசியில் தன் கையையும் தூக்கினார்.

*

வெள்ளிக்கிழமை அதே மேசை, அதே நான்கு பென்சில்கள். மைனா ரசீதுக் கட்டை நடுவில் வைத்தாள். ஒளிக்காமல் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள், தன் பெயரில் ஒரு வைத்தியம் இருப்பது உட்பட.

மேலாளர் நாற்காலியில் நிமிர்ந்தார். "அப்படின்னா தப்பு உங்க பக்கம்னு நீங்களே ஒத்துக்கறீங்க!"

"எங்க பக்கமும்தாங்க. படுத்தாத்தான் பணம்னு எழுதினது எங்க பக்கம் இல்லையே."

காப்பீட்டு அம்மா ஒரு பென்சிலை எடுத்தார். "ஐம்பத்தெட்டுல நாற்பத்தொண்ணு. இது உங்களுக்குக் கிடைச்சது மட்டும். மொத்தம் எத்தனைன்னு தெரிஞ்சாத்தான் நான் எதையும் சொல்ல முடியும்."

மேலாளர் பூட்டைப் பார்த்தார். "எண்ணிச் சொல்ல எத்தனை நாள் ஆகும்?"

"நூத்தி நாற்பத்திரண்டு," என்றான் பூட்டு.

அறையில் எல்லோரும் திரும்பினார்கள்.

"மொத்தம் நூத்தித் தொண்ணூறு. அதுல ஒரு ராத்திரி மட்டும் நூத்தி நாற்பத்திரண்டு," என்றான் அவன், பணிவாக, ஒவ்வொரு வார்த்தையாக. "இதைப் பத்தி மூணு தடவை குறிப்பு எழுதி வெச்சிருக்கேன் சார். படுக்காமலே பரிசோதனைக்குப் பணம் குடுத்தா எவ்வளவு குறையும்னும் கணக்குப் போட்டிருக்கேன். உங்க மேசையில இடது பக்கத் தட்டுல, அடியில இருக்கு. முதல் குறிப்பு போன வருஷத்துது."

பாய்லர் அண்ணன் பிறகு சொன்னார், தன் வாழ்நாளில் எந்தக் கொதிகலனும் அவ்வளவு வேகமாகச் சூடேறி அவர் பார்த்ததில்லையாம், மேலாளர் முகம் ஏறிய மாதிரி. மேலாளர் தண்ணீர் குடித்தார். தொண்டையைச் செருமினார். கெட்ட மனிதர் அல்லர். இடது பக்கத் தட்டைப் பார்க்காத மனிதர், அவ்வளவுதான்.

"அந்த நூத்தி நாற்பத்திரண்டுல..." என்று இழுத்தார். "போன மழைக்கு எனக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. யாரோ சொன்னாங்க, ஒரு ராத்திரி படுத்தா..."

"பொத்தானை அமுக்கினீங்களா சார்?" என்றாள் மைனா.

மேலாளருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு பேச்சு ஒழுங்காக நடந்தது. பென்சில் அம்மா பூட்டின் குறிப்புகளை வாங்கிப் படித்து, இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தி, அரை மணி நேரம் போனில் தம் அலுவலகத்தோடு பேசினார். முப்பத்தொன்று பத்தாயிற்று, பெற்றோரும் திட்டத்திலேயே இருக்கலாம். அந்தப் பத்தை யார் சுமப்பது என்பதில் இரண்டு மணி நேரம் இழுபறி. ஆளுக்குப் பாதி என்றார் மேலாளர். மூன்றுக்கு மேல் ஒரு பைசா இல்லை என்றாள் மைனா. பாய்லர் அண்ணன் இடையிடையே பெருமூச்சு விட்டார். கடைசியில் கம்பெனிக்கு ஏழு, தொழிலாளருக்கு மூன்று என்று முடிந்தது.

சம்பளத்தில் பிடிக்கிற காப்பீட்டுப் பணம் நூற்றுக்கு மூன்று ஏறியதற்கு முணுமுணுத்தவர்கள் உண்டு. அவர்களை மைனா மறுக்கவில்லை. இலவசம் என்று நினைத்துப் படுத்த கட்டிலுக்கு அவளும்தான் வாடகை கட்டப்போகிறாள்.

*

அன்று மாலை மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுக்க இருவரும் போனார்கள். மைனா ஒரு விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்தாள், பூட்டு மற்ற இரண்டையும் பிடித்தான்.

"மூணு தடவை எழுதினீங்களா?" என்றாள், விரிப்பை உதறிக்கொண்டே. "எங்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கலாமே. மிதியடி விதி அவ்வளவு பெரிசா? நான் கண்டுபிடிக்காமப் போயிருந்தா?"

அவன் முனைகளை அவள் கையில் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினான். அலுவலகத் தாள். அவன் முத்து முத்தான கையெழுத்து.

அனுப்புநர்: நலப்பிரிவு எழுத்தர். பெறுநர்: மைனா, மூன்றாம் மாடி. பொருள்: தங்கள் மாமியாரின் முட்டி தொடர்பாக. மதிப்பிற்குரிய அம்மையீர், ஆறு வருடங்களுக்கு முன் தாங்கள் ஸ்கேன் எடுத்தபோது அந்த ஜன்னல்காரர் சொன்னதை ஒரு முறை நினைவுகூரும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள காலிக் கட்டம்.

தேதி சங்கக் கூட்டத்துக்கு முந்தின நாள்.

"செவ்வாய்க்கிழமையே நீ ரசீது கேக்கறேன்னு தெரிஞ்சுடுச்சு. அப்பவும் எதுக்கும் இருக்கட்டும்னு எழுதி வெச்சேன்," என்றான்.

"எப்படிக் குடுத்திருப்பீங்க? வீட்டுக்குள்ள ஆலைப் பேச்சு கிடையாதே?"

"மிதியடிக்கு அடியில வெச்சிருப்பேன். அது உள்ளயும் இல்ல, வெளியவும் இல்ல."

மைனா அந்தத் தாளை மறுபடி படித்தாள். பிறகு விரிப்பைத் தரையில் போட்டுவிட்டு அவன் தோளில் நெற்றியை வைத்துச் சிரித்தாள். அந்த விரிப்பைத் திரும்பத் துவைக்க வேண்டியதாயிற்று.

*

ஒன்பதாம் வாரம் குறித்த நாளில் அத்தைக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. "எத்தனை ராத்திரி?" என்று அவர் கேட்டபோது மருத்துவர் ஐந்து என்றார். அத்தை மருமகளைப் பெருமையாகப் பார்த்தார். ஒரு வாரம் முன்னாலேயே பையைக் கட்டி வைத்திருந்தவர் அவர்.

மூன்றாம் நாள் மைனா வேலை முடிந்து வந்தபோது அத்தை கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். நர்ஸ் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, போதும். என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

"என்ன அத்தை? பொத்தான் வேலை செய்யலையா?"

"பொத்தான் என்ன பொத்தான்! இந்தப் பொண்ணு காலையில ஆறு தடவை நடக்க வைக்குது, சாயந்தரம் ஆறு தடவை. மணிக்கொரு தடவை ஊசி. ஒரு ராத்திரின்னா நல்லா இருக்கு. நிஜமாப் படுத்தா நல்லாவே இல்லை."

"இன்னும் ரெண்டு ராத்திரி அத்தை. டாக்டர் எழுதியிருக்காரு."

அத்தை முணுமுணுத்துக்கொண்டே வண்டியைப் பிடித்து எழுந்தார். ஓர் அடி வைத்தார். நின்று புது முட்டியைக் குனிந்து பார்த்தார். இன்னோர் அடி வைத்தார். அறை வாசலைத் தாண்டியதும் நடைவழியில் எட்டிப் பார்த்து, பக்கத்து அறை வாசலில் நிற்கிற அம்மாவைக் காட்டி, மருமகளின் காதில் சொன்னார்:

"அவ பையன் ரெண்டு நாளா வரல. வா, உக்காராமலே விசாரிச்சுட்டு வரலாம்."